லாக்கா, சாதாவா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் கரகரப்பு நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பழைய சாமான்காரருக்குப் போய்விடும் என்று வியாழக்கிழமை காலையில் என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். மேல்முறையீடு கிடையாது. அவள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். பருத்திப்பட்டு ஃபிளாட்டின் ஹாலில் ஒரு மூலை அவளுடைய வகுப்பறை, எதிர்மூலை என் ஆம்ப்ளிஃபயர்.

நாலு வாடகை வீடுகளைப் பார்த்த பெட்டி அது. வால்யூம் குமிழைத் தொட்டால் தகரத்தில் ஆணி இழுத்த சத்தம் வரும். விட்டுவிட்டால் இடது ஸ்பீக்கர் செத்துவிடும். எழுந்து போய் ஒரு நூல் திருப்பினால் உயிர் வரும், உட்கார்ந்தால் மறுபடி போகும். ஒரு பாட்டை முழுதாக உட்கார்ந்து கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியாது.

அன்று முழுக்கப் படித்தேன். எனக்கு எந்த வியாதி வந்தாலும் முதலில் படிப்பேன். குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலுக்குள் ஒரு கரிப்பட்டை உண்டு, அது தேய்ந்துவிட்டது என்பதுவரை தெளிந்தேன். வெள்ளிக்கிழமை அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன். அண்ணனூர் தாண்டுவதற்குள் பைக்குள் கைவிட்டு அதை ஐம்பது தரமாவது திருகியிருப்பேன். எதிரே இருந்த பெண்மணி எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் இருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது.

“இன்னா சார், மொத்தமா தேஞ்சிகீது. லாக் வோணுமா, சாதாவா?”

“லாக் எதுக்குங்க? எங்க வீட்டுல சின்னப் பசங்க யாரும் இல்லை.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாதாவை எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை, புதுக் கன்ட்ரோலின் ஆறு கால்களையும் பற்றவைத்து, ஒரு விரலைச் சுட்டுக்கொண்டு, பத்து மணிக்கு முடித்தேன். எதிர்மூலையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை காத்திருப்பதுதான் மனுஷத்தனம். நானும் காத்திருந்தேன், சுமார் நாலு நிமிஷம். பிறகு, ஒரு நாயனக் கச்சேரியைக் கேட்டும் கேட்காமலும் வைத்துப் பார்ப்போமே என்று குமிழை ஒரு நகக்கண் அளவு திருப்பினேன். கரகரப்பு இல்லை. ஆனால் நாயனமும் தவிலும் ஒரே பாய்ச்சலாக ஹாலுக்குள் இறங்கின.

“மிஸ், உங்க வீட்டுல கல்யாணமா?” என்றது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு குரல். இன்னொன்று வாழ்த்தே சொல்லிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் மனைவி நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

“என்னங்க, கரகரப்பே தேவலைபோல இருக்கே! கடையில என்ன கேட்டு வாங்கினீங்க?”

“பூட்டு வச்சது வேணுமான்னு கேட்டார். வேணாம்னேன்.”

“பூட்டுன்னா கேட்டார்?”

“லாக்குன்னார்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அது லாகரிதங்க. மடக்கை. வருஷா வருஷம் இதே ஹால்ல கத்திக் கத்திப் பாடம் எடுக்கறேன், ஒரு நாளாவது காதுல விழுந்திருக்கா?”

தமிழில் ஐந்து அகராதி வைத்திருப்பவன் நான். ஒன்றிலும் அந்த லாக்கைத் தேடவில்லை.

“நாளைக்குத்தான் ஞாயிறு,” என்றாள்.

அன்று மாலையே மறுபடி அம்பத்தூர். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“நீதான சார் லாக் வோணான்னே?”

“பூட்டுன்னு நினைச்சேங்க.”

“வால்யூமுக்கு எவன் சார் பூட்டு போடுவான்? ஊட்ல அம்மா போட்டாத்தான் உண்டு!” என்றவர், சிரித்து ஓய்ந்து விளக்கினார். “காதோட கணக்கே வேற சார். சாதா போட்டா எடுத்தொடனே எகிறிடும். லாக்குன்னா மொதல்ல மெள்ளமா ஏறும், அப்பால வேகம் புடிக்கும். அதான் காதுக்கு சமமா கேக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதனைக்கு அவளே வந்தாள். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, பால் பொங்குகிறதா என்று பார்ப்பவள்போலக் குமிழை மெல்லத் திருப்பினாள். நாயனம் தெருக்கோடியிலிருந்து நடந்து வருவதுபோல வந்தது. மறுபடி இறக்கினாள், ஏற்றினாள். ஒரு கீறல் இல்லை. நான் பக்கத்தில் நின்று ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

“சரி, இருக்கட்டும்,” என்றாள்.

எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது என்று காட்டக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

“பெட்டி இருக்கலாம். நீங்க போய் உட்காருங்க. திருகித் திருகி இதையும் தேய்ச்சிடாதீங்க.”

உட்கார்ந்தேன். ஆலாபனை முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடிக்க என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே குடித்தேன்.