இது ஆற்றை உபயம்?

நோர்வேயில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. முக்கால்வாசிப் பெட்டிகளில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும்: ‘ரெக்லாமே, நை தக்.’ விளம்பரம் வேண்டாம், நன்றி என்று பொருள். அதை ஒட்டிவிட்டால் கடைக்காரர்களின் பிரசுரம் ஒன்றும் அந்தப் பெட்டிக்குள் விழாது. வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. வேண்டாம் என்றால் கேட்டுக்கொண்டு போகிற விளம்பரத்தை நான் அதுவரை கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் விளம்பரம் காரில் வரும். கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, சந்தியிலேயே கத்தத் தொடங்கி, நோட்டீசை அள்ளி வீசிக்கொண்டு போகும். நாங்கள் புழுதிக்குள் விழுந்தடித்துப் பொறுக்குவோம். என்ன விற்கிறார்கள் என்று ஒருவரும் வாசித்ததில்லை, யாரிடம் பச்சை நோட்டீஸ் கூட இருக்கிறது என்பதுதான் போட்டி. விற்க வந்தவன் விற்க வந்தவனாகவே வந்து போனான்.

என் மகள் துளசிக்குப் பத்து வயது. அவளுடைய ரப்லெற்றின் திரையில் ஒட்ட எந்தத் துண்டும் இல்லை. அதற்குள் வீடியோ போடுகிற லீனா என்று ஒரு பெட்டை இருக்கிறாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். தன் கட்டிலில் சம்மணம் கட்டியிருந்து, தலையைப் பின்னிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தன்னோடு கோபம் போட்டவர்களைப் பற்றியெல்லாம் கதைப்பாள். நடுவில் முகத்துக்கு ஏதோ பூசுவாள். அக்கா தங்கை இல்லாத என் பிள்ளைக்கு அவள்தான் அக்கா. ஒருநாள் துளசி இரண்டு கன்னமும் சிவந்து தடித்துப்போய் வந்து நின்றாள். லீனா பூசுகிற அதே கிறீமைச் சிநேகிதி ஒருத்தி கொண்டுவந்திருக்கிறாள், இருவரும் கழிப்பறையில் நின்று அப்பியிருக்கிறார்கள்.

“உவள் அதை விக்கிறதுக்குத்தான் பூசிக் காட்டுறாள், பிள்ளை” என்றேன்.

“இல்லையம்மா. அவ கடைக்காரி இல்லை. அவ தன்ரை அறையிலை இருந்து கதைக்கிறா.”

கிறீமை எறிந்துவிடலாம். கட்டிலில் இருந்து அன்பாகக் கதைப்பவள் எப்போது அக்கா, எப்போது வியாபாரி என்பதை இந்தப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று எனக்குப் பயமாக இருந்தது. இதைத் தெரியாமல் வளர்ந்தால் நாளைக்கு யார் சிரித்துக் கதைத்தாலும் நம்பிவிடுவாளே.

வழி ஒன்று எங்கள் ஊர்க் கோயிலில் இருந்து கிடைத்தது. என் சின்ன வயதில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. வீட்டில் பழைய போத்தலில் திரி போட்டு எரித்துக்கொண்டிருந்த நாங்கள், ரியூப்லைற்றைப் பார்ப்பதற்காகவே திருவிழாவுக்குப் போவோம். ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு நிற்கும். சாமி வெளிக்கிடுமுன் மைக்கில் அறிவிப்பார்கள்: இன்றைய திருவிழா இன்னாரின் உபயம், மேளம் இன்னாரின் உபயம், ஜெனரேற்றருக்கான எண்ணெய் இன்னாரின் உபயம். எங்கள் ஐயாவின் பெயர் வருகிற நாளில் நான் கூட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்பேன். கிணற்றடி வாளியில்கூட ‘உபயம்’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அந்த வாளியால் கால் கழுவும்போதே, இது யார் தந்தது, அவர் ஏன் தந்தார், போன மாதம் அவருக்கும் தருமகர்த்தாவுக்கும் என்ன சண்டை என்பதெல்லாம் பேசித் தீர்ந்துவிடும். பெயர் போடுவதைப் பெருமைக் குணம் என்று நக்கலடித்தவர்களும் உண்டு. நானும் அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது. எங்களுக்கு வந்த வெளிச்சம் யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

இதைத் துளசிக்குச் சொல்லி, எதுவும் யாருடைய உபயம் என்று கேட்கப் பழக்கினேன். “எதைப் பாத்தாலும் முதல் ஒரு கேள்வி கேக்கவேணும். இது ஆற்றை உபயம்? இந்த வீடியோவை எடுக்க ஆர் குடுத்தது? ஏன் குடுத்தது?”

அவளுக்கு அது விளையாட்டாகப் பிடித்துக்கொண்டது. லீனாவின் வீடியோக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தித் தேடினாள். ‘ரெக்லாமே’ என்று போடத்தான் வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். போட்டிருந்தார்கள், மூலையில், வெள்ளைச் சுவரில் வெள்ளை எழுத்தாக. கண்டுபிடித்த சந்தோசம் கொஞ்ச நேரந்தான். பிறகு ரப்லெற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்ப அவ என்னோடை கதைக்கேல்லையோ?” என்று கேட்டு அழுதாள். எனக்கு லீனாவின் மீது வந்த கோபத்தைவிட அந்தக் கேள்வியால் வந்த கவலை பெரிது.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் நான் இந்த உபயக் கதையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். வகுப்பாசிரியை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்கள் கோயிலுக்குள் விளம்பரம் செய்வார்களா?” என்றார்.

“விளம்பரமில்லை. யார் தந்தது என்று சொல்வார்கள்.”

“பிள்ளைகள் இருக்கும்போதுமா?”

“ஆமாம், ஒலிபெருக்கியில்” என்றேன். பாவம் இந்தப் பெண், எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்திருக்கிறாள் என்பதுபோல என் கையைத் தொட்டார். நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

இனி என் கதை. வேலை முடிந்து வந்ததும் நானும் ஒரு வீடியோ பார்ப்பேன். ஊரில் ஒரு பெடியன் மோட்டார்சைக்கிளில் கமராவோடு திரிகிறான். பனங்காணி, செம்மண் தோட்டம், வழியில் மாடு, கடைசியில் கடலோரத்துக் கீரிமலைக் கேணி. “எங்கடை மண்ணைப் பாருங்கோ உறவுகளே” என்பான். எனக்கு அந்த இடத்தில் கண் நிறைந்துவிடும். கேணிக்குள் பெடியங்கள் மதிலில் இருந்து குதிப்பார்கள், பின்னால் கடல் தெரியும். இரண்டு மூன்று மாதமாக எனக்கு ஒரு நினைப்பு ஊறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, கடைசிக் காலத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒருநாள் துளசி பக்கத்தில் வந்து இருந்தாள். “அம்மா, இது ஆற்றை உபயம்?”

“விசர்க்கதை கதையாதை. இது ஊர்.”

“அவர் ஏன் எப்பவும் ஒரே கேற்றடியிலை நிண்டு தண்ணி குடிக்கிறார்?”

நிறுத்திப் பார்த்தேன். முந்திய வீடியோவையும் அதற்கு முந்தியதையும் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் அவன் களைத்துப்போய் ஒரு காணியின் அதே கேற்றடியில்தான் நின்று தண்ணீர்ப் போத்தலைத் திறக்கிறான். தலைக்கு மேலே பலகை: வெளிநாட்டு உறவுகளுக்கான வீட்டுக் காணிகள். இத்தனை நாளும் அது என் கண்ணில் படவேயில்லை. நான் அழுதுகொண்டல்லவா பார்த்தேன்.

பண்டத்தரிப்பில் இருக்கும் அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“உது காணிக்காரர் எடுப்பிக்கிற படம், பிள்ளை. உங்களுக்கெண்டுதான் எடுக்கினம். எங்களுக்கு ஆர் கீரிமலையைப் படம்பிடிச்சுக் காட்டுறது? போகவேணுமெண்டா நாங்கள் போய்ப் பாத்திட்டு வாறம்.”

ஃபோனை வைத்தபிறகும் அந்த ‘உங்களுக்கு’ நெஞ்சில் நின்றது. எங்கள் ஊரில் இருந்து ஒரு சாமான் எனக்காகத் தயாராகி வருகிறது என்றால் நான் அங்கே யார்?

ரப்லெற்றை மூடப் போனேன். துளசி விடவில்லை. “தண்ணியைக் காட்டுங்கோ. நீங்கள் இதிலை குளிச்சனீங்களோ?”

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். சமாதான காலத்தில் கீரிமலைக்குப் பாதை திறந்தபோது மச்சாள்மாரோடு போய்க் குளித்தேன். ஆனால் இதில் இல்லை.

“இது ஆம்பிளையளின்ரை கேணி. எங்கடை கேணி உந்தச் சுவருக்கு அங்காலை.”

“அதை ஏன் அவர் காட்டேல்லை?”

“அதுக்குள்ளை பொம்பிளையள் குளிப்பினம். கமரா போகேலாது.”

அவள் திரையில் தெரிந்த சுவரைத் தொட்டாள். “அப்ப அது மட்டும் ரெக்லாமே இல்லை” என்றாள்.

இத்தனை நாளும் நான் ஒருநாளும் இறங்காத கேணிக்காக அழுதிருக்கிறேன். இப்போதும் அந்த வீடியோவைப் பார்க்கிறேன், பொய் சொல்வானேன். பெடியங்கள் குதிக்கிற இடத்தில் கமரா திரும்பும்போது ஓரத்தில் ஒரு கணம் அந்தச் சுவர் வந்து போகும். அங்கே நிறுத்திவிடுவேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். நானும் துளசியும் குசினி மேசையில் இருந்து, பாசி பிடித்த ஒரு வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.