ஹலோ என்ற ஒரே சொல்

என் கணவர் ரியாத்தில் டிரைவராக இருந்தார். கல்யாணமாகி ஐந்தாறு மாதத்தில் விமானம் ஏறியவர், தலை முழுக்க நரைத்த பிறகுதான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். இடையிடையே விடுமுறையில் வருவார். பெட்டியைப் பிரித்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, விருந்துகளுக்குப் போய் வந்து, எங்கள் இருவருக்கும் கூச்சம் விலகும் சமயத்தில் அவர் புறப்படும் நாள் வந்துவிடும். அதனால் எங்கள் இல்லறத்தின் பெரும்பகுதி போனில்தான் நடந்தது.

மேலப்பாளையத்தில் இப்படி வாழ்ந்தவள் நான் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் வெறும் குரலாகத்தான் இருந்தார்கள். ஆனால் என் கணவர் அளவுக்குப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. "ஹலோ, டீச்சரம்மா, என்ன செய்யுத?" என்று ஆரம்பிப்பார். பிறகு அன்றைக்கு வண்டியில் ஏறியவர்கள், ரூமில் யார் குழம்பைத் தீய்த்தது, யார் யாரோடு சண்டை என்று ஒன்று விடாமல் சொல்வார். அங்கே புழுதிக்காற்று அடித்தால் இங்கே என் கண் உறுத்தும். எங்கள் மகள் பிறந்ததும், நான் வீடு கட்டியதும், என் உம்மா மவுத்தாகி அடக்கம் செய்ததும் அவருக்குப் போன் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. சண்டை போட்டதும் போனில்தான், சமாதானமானதும் போனில்தான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் சமைத்து, மகளைக் கிளப்பி, பஸ்ஸுக்கு ஓடி, மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்தால் ஆணும் நானே, பெண்ணும் நானே. எதையும் நின்று செய்து பழக்கமே இல்லை. சேலையைச் சுற்றிக்கொண்டே தோசை திருப்புவேன். போனில் அவரோடு பேசும்போதுகூடக் கை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்.

மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் சென்னைக்குப் போன பிறகு அவர் வந்து சேர்ந்தார். இனிமேல் போகப்போவதில்லை என்றார். முதல் சில வாரங்கள் வேடிக்கையாக இருந்தது. போனில் அத்தனை பேசியவருக்கு என் முகத்தைப் பார்த்தால் பேச்சு வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். ரசம் நன்றாயிருக்கிறது என்பார். அதற்குமேல் என்ன சொல்வதென்று இருவருக்கும் தெரியாது. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடப் போனவர் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். அடுப்படியில் நின்று எடுத்தேன். "ஹலோ, டீச்சரம்மா, இங்கன நல்ல காத்து அடிக்கி. சோலி முடிஞ்சா மேல வாயேன்" என்றார். சிரித்துக்கொண்டே ஏறிப் போனேன். அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே போன் பேசிப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாக நேரிலும் பேசப் பழகினோம். அந்த மாதங்களில் எனக்குப் புதிதாகக் கல்யாணமானதுபோல இருந்தது. அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஃபஜ்ருத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவர் குழாயடியில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினேன். குழாய் திறந்தபடி இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். வலது கையும் காலும் போய்விட்டன, கால் கொஞ்சம் தேறலாம், பேச்சைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார். "நாம சொல்றது எல்லாம் அவருக்கு விளங்கும்மா. பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது" என்றார். அவர் கட்டிலில் படுத்தபடி அதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியது என்பதை அவர் கண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரங்கள் ஆனபின் ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. நான் எழுந்து எடுப்பதற்குள் கட்டிலிலிருந்து அவர் "ஹலோ" என்றார். தெளிவாக, பழைய இழுப்போடு. சென்னையிலிருந்து வந்திருந்த மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தோம். ஒரு சொல் வந்துவிட்டதென்றால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினோம்.

வரவில்லை. அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹலோ, கால் வலித்தாலும் ஹலோ, ஃபேனை நிறுத்தச் சொல்வதும் ஹலோ. நலம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். தான் சொல்வது தப்பான சொல் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சொல்லிவிட்டு, இது இல்லை, இது இல்லை என்று இடது கையால் கட்டில் சட்டத்தில் அடிப்பார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டோவில் கூட்டிப் போவேன். அங்கே ஒரு இளம்பெண் மாம்பழம், குடை, பூனை என்று படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள். அவர் மாம்பழத்தைப் பார்த்து ஹலோ என்பார். உடனே தலையைக் குனிந்துகொள்வார். கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன்னால் நிற்கும் பிள்ளைகளை எத்தனையோ வருஷம் பார்த்தவள் நான். அந்த முகத்தை என் கணவரிடம் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. பதற்றத்தில் நானே "மாம்பழம், மாம்பழம்" என்று எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பெண் ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, அவர் சொல்ல வருவதை நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது, அவர் தேடுவதற்கு இடம் விட வேண்டும் என்றாள். "நீங்க ரொம்ப வேகமா இருக்கீங்க, டீச்சர்" என்றாள்.

வேகமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மணி அடிக்காத நாட்கள் வந்தன. அப்போதும் விடிந்ததும் எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன். அவரைத் துடைத்து, உடுத்தி, ஊட்டி, துணி அலசி, மருந்து கொடுத்து, வீட்டைப் பெருக்கி, பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினேன். நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம். இத்தனை வருஷம் ஆள் இல்லாமல் குரல் மட்டும் இருந்தது. இப்போது ஆள் இருக்கிறார், குரல் இல்லை. இரண்டும் ஒன்றாக எனக்குக் கிடைத்தது, மாடிக்கும் அடுப்படிக்கும் போன் பேசிய அந்தச் சில மாதங்கள்தான்.

ஒரு நாள் காலையில் அவர் விடாமல் ஹலோ, ஹலோ என்றார். தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டார். பாத்ரூம் போகவா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். ஜன்னலைத் திறந்தேன், தலையணையை மாற்றினேன், டிவியைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் உயர்ந்தது. எனக்கும் பொறுமை போய்விட்டது. "எனக்கு விளங்கலியே, நான் என்ன செய்யட்டும்?" என்று கட்டில் பக்கத்தில் நின்று கத்தினேன். அவர் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஒரு பக்கம்தான் உயிர் இருந்தது என்றாலும் ஸ்டீயரிங் பிடித்த கை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் விடியற்காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு நெடுநேரம் அப்படியே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. எழுந்து போகவில்லை. தெருவில் பழைய பேப்பர்காரர் போனார். கட்டிலில் என் கணவரின் மூச்சு ஒரு சீராக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு சாயங்காலம் அஸர் தொழுததும் கொல்லைப்பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தோம். வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. ஒரே ஹலோவில் எத்தனை விதம் என்று பைய எனக்குப் பிடிபட்டது. பசிக்கு ஒரு மாதிரி தாழ்ந்து வரும். கோபத்தில் வெட்டியதுபோல நிற்கும். முருங்கைமரத்தில் அணிலைக் கண்டால் கடைசியில் மேலேறிப் போகும். அந்த மாதிரி ஒன்று கேட்டால் எனக்கு அன்றைக்கு அதுவே போதும்.

ஆனால் ஒரு விஷயத்தை அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். ரியாத்திலிருந்து அவர் அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் இருந்தன. மாடியில் துணி மடிக்கும் சாக்கில் காதோடு வைத்து ஒன்றிரண்டு கேட்பேன். கேட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வருவேன். ஒரு சாயங்காலம் கொல்லையில் மகளுக்குப் படம் அனுப்பப் போய், கை தவறி அதில் ஒன்றைத் தொட்டுவிட்டேன். "ஹலோ, டீச்சரம்மா. இன்னைக்கு என் வண்டில யாரு ஏறுனான்னு சொல்லு பாப்போம்" என்று அவர் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது.

நிறுத்தப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

முதலாளி வாங்கிய ஆட்டை முன் சீட்டில் வைத்துக் கொண்டுபோன கதை அது. ஆட்டுக்கு சீட் பெல்ட் போட்டதையும், செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்ததையும், அந்த நேரம் பார்த்து ஆடு கத்தியதையும் குரல் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார். அவர் போனைப் பார்த்தபடி, யாரோ தூரத்துச் சொந்தக்காரர் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். ஆடு கத்திய இடத்தில் சிரித்தார். பேச்சு முடிந்தது. அவர் விரலால் போனைத் தொட்டார். பிறகு தன் தொண்டையைத் தொட்டார். கையை விரித்துக் காட்டினார்.

"இல்லன்னா இல்லாம போட்டும். நீங்க இருக்கீங்கள்லா" என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். விழுந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். வாய் கோணியவர் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். ஆனாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தொழுகையிலும் அவர் பேச்சைத் திருப்பிக் கொடு என்றுதான் அதுவரை துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இருட்டும் நேரம் மஃரிப் தொழுது கையேந்தியபோது அதைக் கேட்கத் தோன்றவில்லை. வேறெதுவும் கேட்கவும் தெரியவில்லை. சும்மா கையேந்தியபடி இருந்துவிட்டு எழுந்தேன். பேச்சுப் பயிற்சிக்கு இப்போதும் போகிறோம். வந்தால் வரட்டும்.

மகள் எங்களைச் சென்னைக்கு வந்துவிடச் சொன்னாள். லிஃப்ட் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாள். தனியாக எப்படிச் சமாளிப்பீர்கள் என்று போனில் அழுதாள். வாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். பதிலுக்கு நெடுநேரம் காத்திருந்தேன். அவர் கொல்லைப்பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "பைய சமாளிச்சுக்கிடுதோம் மக்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவரை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். அணை திறந்து ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கிப் படித்துறைக்கு நடந்தோம். அவர் வலது காலை இழுத்து இழுத்து வந்தார், இடது கையில் ஊன்றுகோல், மறுபக்கம் நான். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் குளித்து முடித்து, ஈரத்துணியோடு எதிரே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் படிக்கு மேற்படியில் அவரை உட்காரவைத்து, மரத்த வலது காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தேன். இடது காலை அவரே வைத்துக்கொண்டார். நானும் கரண்டைவரை சேலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வலது காலில் குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன மீன்கள் வந்து அவர் விரல்களைக் கொத்தின. பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. வெயில் எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அவர் என் பக்கம் திரும்பி, வலது முழங்காலைத் தொட்டு, கொஞ்சம் என்பதுபோல, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.