புதுத்தண்ணிக்கு மடை அடைத்தவள்

சொர்ணம் மதினி! எப்போது இப்படிக் கூப்பிட்டாலும், “என்னட்டி, உசுரு போற மாதிரி கத்துத?” என்று கேட்டுக்கொண்டே வருவாள். என் அண்ணன் மனைவி. ராயகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், குடிதண்ணீர்க் கிணற்றையும் டேங்கையும் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. போன மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு கோடையில் மலை நாள்கணக்கில் எரிந்தது. அப்புறம் மழை பெய்தது. ஓடையில் புதுத்தண்ணி வந்தால் ஊர்ப் பெண்கள் குலவை போட்டு, பூத்தூவி, மடையைத் திறந்து கிணற்றுக்குள் விடுவோம். அப்போது கிணற்றில் தரை தெரிந்தது. சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பூக்கட்டுகிற நான், தண்ணி வந்த சேதி கேட்டு, ஒரு கூடைப் பிச்சிப்பூவோடு முதல் பஸ்ஸில் ஓடினேன்.

மடைவாயில் மணல்மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் மதினி. தண்ணீர் கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

“பூராவும் மலை எரிஞ்ச சாம்பலு. கெணத்துல விழுந்தா ஊத்துக்கண்ணு அடைச்சிரும். ரெண்டு மூணு மழை கழுவிட்டுப் போவட்டும்.”

“புதுத்தண்ணிய மறிச்சா ஊருக்கு ஆவுமா? மகாராணின்னு நெனப்பு!” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை.

“எந்த மகாராணி பெரியம்ம மணல்மூட்டையில உக்காந்திருக்கா?” மதினி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே ஏசுகிறதே என்ற வெட்கத்தில், “பிள்ளை பெத்திருந்தா பிள்ளைக தாகம் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

மதினி என்னை ஏசவில்லை. கீழே இறங்கி, ஒரு செம்பு ஓடைத்தண்ணியை வெள்ளைத் துண்டில் ஊற்றிக் காட்டினாள். கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி ஆனது. “இதையா அந்தப் பிள்ளைகளுக்குக் குடுக்கச் சொல்லுத?”

அதற்கப்புறம் தோட்டக்காரர்களிடம் கெஞ்சி, அவர்கள் கிணற்றிலிருந்து டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றினாள். மூன்றாவது மழையில் ஓடை தெளிந்தது. மூட்டைகளை எடுத்துவிட்டு, “ஏட்டி, நீ வந்து தெற” என்று என்னைத்தான் கூப்பிட்டாள். பூத்தூவித் திறந்தேன். அவசரப்பட்டு முதல் தண்ணியைக் கிணற்றில் விட்ட பக்கத்து ஊர்க்காரர்கள், வாடை போகாமல் பல மாதம் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்ன சொல்லை அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் புறப்பட்டபோது, ஊர்ப் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் குடத்தோடு அந்தக் கிணற்றுக்கு வந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்களோ, எங்கே கும்பிட்டாலும் எங்கள் சொர்ணத்தின் பேரையும் ஒருதரம் சொல்லிக் கும்பிடுங்கள். அவள் நல்லா இருக்கட்டும்.