கல்யாண வீடியோக்காரர் எடுத்த டை-பிரேக்

என் வாழ்நாளிலேயே நான் மிக நன்றாக ஆடிய டென்னிஸ் ஆட்டத்தை எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்காரர்தான் படம் பிடித்தார். அவர் செய்த வேலைக்காக அவரைப் பல வருடங்கள் நான் மன்னிக்கவில்லை. அவரை மட்டும் மன்னிக்காமல் இருந்திருந்தால் பரவாயில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை. பம்ப் செட்டுக்கு வேண்டிய ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில். துடியலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் தென்னை மரங்களை வெட்டிவிட்டுப் போட்டிருந்த மண் கோர்ட்டில்தான் நான் டென்னிஸ் கற்றுக்கொண்டேன். நன்றாக ஆடினால் அமெரிக்காவில் கல்லூரிகளே கட்டணத்தைக் கொடுத்துப் படிக்க வைக்கும் என்று என் கோச் ஒருநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் அதோடு மறந்திருப்பார். அம்மா மறக்கவில்லை. என்னைக் காலை ஐந்தரைக்குக் கோர்ட்டில் கொண்டுபோய் விடுவதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மூன்று வருடங்களாக எங்கள் குடும்பம் எந்த விசேஷத்திலும் முகூர்த்தத்தைப் பார்த்ததில்லை; பயிற்சி முடிந்து குளித்துப் போனால் பந்திக்குத்தான் சரியாக இருக்கும். சாப்பிட மட்டும் வருகிறோம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும்.

வெளியூர்ப் போட்டி என்றால் அப்பா காரை எடுப்பார். சேலம், மதுரை, திருவனந்தபுரம் எங்கேயும் அவர்தான் ஓட்டிக்கொண்டு வருவார். ஆனால் போய்ச் சேர்ந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். மற்ற அப்பாக்கள் எல்லாம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு பந்துக்கும் கையைக் காலை ஆட்டி, நடுவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். என் அப்பா மட்டும் தெருமுனை டீக்கடையில் யாரோ முன்பின் தெரியாதவரோடு பம்ப் செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்து நான் வெளியே வந்தால் கையில் இளநீரோடு காரின் பக்கத்தில் நிற்பார். ஜெயித்தாயா என்று கேட்க மாட்டார். என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

டென்னிஸ் அம்மாவின் பைத்தியம், அப்பாவுக்கு அதில் அக்கறை கிடையாது என்று நான் முடிவு செய்துகொண்டேன். தோழிகளிடம் ‘எங்க டிரைவர்’ என்று அவரைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அதை எழுத இப்போது கை கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பத்து வயதில் திருப்பூரில் ஒரு போட்டியில் மிக மோசமாகத் தோற்று, வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். காரிலேயே எல்லோருக்கும் சட்டம் போட்டேன். வலது கால் சாக்ஸைத்தான் முதலில் மாட்டுவேன். அன்று காலை சாப்பிட்ட எலுமிச்சை சாதம் இனிமேல் போட்டி நாளில் ஆகாது. அம்மா வண்டியில் போன் பேசக்கூடாது. அப்பாவுக்கும் ஏதோ ஒன்று சொன்னேன். ஒரே வாரத்தில் அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார், போனும் பேசினார். நானும் என் சட்டங்களை மறந்துபோனேன்.

பதினோராம் வகுப்பின் பாதியில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கோச்சிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் எழுதிய அறுபது எழுபது கடிதங்களில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான். நான்கே வரிகள். கோர்ட்டின் பின்பக்கத்திலிருந்து, கேமராவை அசைக்காமல், ஒரு முழு செட்டை எதையும் வெட்டாமல் எடுத்து, திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது பிடித்துவிட்டால் படிப்பு முழுவதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அம்மா அதை நான்கு தரம் படித்தார். தன்னுடைய போனை வேலியில் கட்டி எடுத்துவிடலாம் என்றார்.

அப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை. “அத்தனை தூரம் போற வீடியோவைப் போனுல எடுத்து அனுப்புனா மரியாதையா இருக்குமா? நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க?” என்றார். எங்கள் குடும்பத்தில் காதுகுத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் படமெடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரையே சொல்லிவிட்டார் அப்பா.

வீடியோக்காரர் வருவது தெரிந்ததும் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது. படம் பிடிக்கிற விஷயத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? நாளைக்கு யார் மூலமாவது தெரியவந்தால் மனத்தாங்கல் ஆகிவிடும். அதைப் போனில் சொல்வதும் முறையல்ல. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய், என் டென்னிஸ் ஆட்டத்துக்கு நேரில் அழைத்துவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோர்ட்டுக்கு வெளியே இருபது பேர் இருந்தார்கள். பெரியம்மாவும் அத்தையும் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். பெரியப்பா நெற்றி நிறையத் திருநீறோடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னுடைய குட்டைப் பாவாடையைப் பார்த்த அத்தை பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டி, “வெயிலு கண்ணு, காலு கறுத்துப்போயிரும், போத்திக்க” என்றார்.

என்னோடு ஆட வந்தவள் உக்கடத்துப் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள், தோழி, அதுவரை ஏழெட்டு முறை என்னைத் தோற்கடித்தவள். அவளும் அவள் அம்மாவும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த அம்மாவை எங்கள் ஆட்கள் சம்பந்தி மாதிரி உபசரித்தார்கள். இறங்கியதும் காபி, அரை மணி கழித்து முறுக்கு.

ஆட்டம் தொடங்கியது. என் பக்கத்தவர்களுக்கு யாருக்கு எப்போது கைதட்டுவது என்று தெரியவில்லை. அதனால் இருவருக்கும் தட்டினார்கள். நான் நான்குக்கு இரண்டு என்று முன்னால் போனபோது வேலிக்கு வெளியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது: “பாவம், நம்மளை நம்பி வந்த புள்ளை. ஒரு ஆட்டம் உட்டுக் குடு கண்ணு.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். ஆறுக்கு ஆறு என்று டை-பிரேக் வந்துவிட்டது. ஏழு பாயிண்ட் முதலில் எடுப்பவருக்கு செட். அந்த டை-பிரேக்கில் நான் ஆடியதுபோல் அதற்கு முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை. என் பேக்ஹேண்ட் எப்போதும் வலையில்தான் போய் விழும். அன்று கோட்டின் மேல் விழுந்தது. ஏழுக்கு ஐந்து என்று முடிந்தபோது தோழி வலைக்கு மேல் கையை நீட்டி, “இதை மட்டும் அனுப்புடி, போதும்” என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அம்மா ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவைக் காணவில்லை. வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் வீடியோக்காரர் பதிவைக் கொண்டுவந்து எங்கள் டிவியில் போட்டார். முன்னால் பூ விரிகிற மாதிரி ஒரு டைட்டில் வைக்கவா என்று கேட்டார், அம்மா வேண்டாம் என்றார். முதல் பன்னிரண்டு கேம்களும் அப்படியே, கோச் கேட்டபடியே இருந்தன. டை-பிரேக்கில் ஏழாவது பாயிண்டுக்கு நான் சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கினேன். கேமரா என்னை விட்டுவிட்டு மெல்ல இடதுபக்கம் நகர்ந்தது. பட்டுச் சேலைகளைத் தாண்டியது, பெரியப்பாவைத் தாண்டியது, கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற சிமெண்டுத் தொட்டியில் போய் நின்றது. தொட்டிக்குப் பின்னால், வேலியில் கட்டியிருந்த பச்சை வலையில் ஒரு கிழிசல் வழியாக அப்பாவின் முகம்.

அடுத்த பாயிண்டும் அந்த முகம்தான். மொத்தம் ஆறு பாயிண்டுகள் கேமரா அங்கேயே இருந்தது. பந்து அடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அது கோர்ட்டுக்குத் திரும்பியபோது நாங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம்.

வீடியோக்காரருக்குத் தன் தவறு விளங்கவே இல்லை. “ஏனுங்க அம்மணி, முக்கியமான நேரத்துல பொண்ணோட அப்பாவை எடுக்காம எப்படிங்க உடறது? தாலி கட்டறப்பக்கூட மாப்பிள்ளையை அரை நிமிசம்தானுங்க, மிச்சமெல்லாம் பொண்ணோட அப்பாதானுங்க. அந்த மொகம் இல்லைன்னா வீடியோ நிக்காதுங்க” என்றார்.

நான் அவர்மேல் பாயவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினேன். “எல்லாம் உங்களாலதான். ஒருநாளும் பாக்காதவரு இன்னைக்கு எதுக்கு அங்க போயி நின்னீங்க?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்தார், உதறினேன்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். மகள் திட்டும்போது எதற்கு எழுந்து நிற்கவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. “நான் பாத்திருக்கக் கூடாது கண்ணு. தப்பு பண்ணிப்போட்டேன்” என்றார். பிறகு, “நாளைக்கு அந்தப் புள்ளையை மறுபடியும் வரச்சொல்லிக் கேக்கறேன். அம்மா போனுலயே எடுக்கட்டும். நான் வரமாட்டேன்” என்றார்.

“ஆமா, வராதீங்க” என்றேன்.

அன்று சாயங்காலமே உக்கடத்துக்கு நேரில் போய்த் தோழியின் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போனை வேலியில் கட்டினார். சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. அப்பா விடுமுறை நாளிலும் பட்டறையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் நான்குக்கு ஆறு என்று தோற்றேன். தோழி எனக்காகச் சில பந்துகளை வேண்டுமென்றே வெளியே அடித்தாள், அப்படியும் தோற்றேன். வேறு வழியில்லாமல் அதைத்தான் அனுப்பினோம். மிகுந்த மரியாதையோடு இரண்டு வரியில் பதில் வந்தது: வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

அடுத்த வருடம் வேறொரு சின்னக் கல்லூரி பாதிக் கட்டணத்துக்கு என்னை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதிக்காக அப்பா பட்டறையில் இரண்டாவது ஷிப்டும் ஓட்டினார். படித்தேன், நான்கு வருடம் ஆடினேன், திரும்பி வந்தேன். இப்போது மாலை நேரங்களில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கோர்ட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களைத் தள்ளி நிற்கச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி.

போன மாதம் பழைய பென் டிரைவ் ஒன்றில் அந்தப் பதிவு கிடைத்தது. அம்மாவும் பக்கத்தில் இருந்தார். முன்பு கோபத்தில் முழுதாகப் பார்க்காத ஆறு பாயிண்டுகளை இப்போது பார்த்தேன். அப்பாவின் உதடு ஒவ்வொரு பந்துக்கும் அசைந்தது. ஒரு பாயிண்டில் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, என்ன ஆயிற்று என்று கேமராவைப் பார்த்துக் கையால் கேட்டார். வீடியோக்காரர் தலையாட்டியிருக்கவேண்டும், படம் ஒருதரம் குலுங்கியது. உடனே அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் எந்தப் பாயிண்டை ஜெயித்தேன், எதை இழந்தேன் என்பதெல்லாம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. என் பேக்ஹேண்ட் கோட்டின் மேல் விழுந்ததைக்கூட அதில் பார்த்தேன்.

“எதுக்கும்மா அப்படி ஒளிஞ்சு நின்னாரு?” என்று கேட்டேன்.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீதானே சொன்னே? திருப்பூர்ல தோத்துப்போட்டு வாரப்ப, ‘அப்பா பாத்ததாலதான் தோத்தேன், இனிமே நான் ஆடறப்ப பாக்காதீங்க’ன்னு. ஆறு வருசம் டீக்கடையிலதான் நின்னாரு. அன்னைக்குக் கூப்புட்டு வந்த சொந்தக்காரங்களை உட்டுப்போட்டு எங்க கண்ணு போவாரு? தொட்டிக்குப் பின்னால நின்னா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சாரு.”

அன்று அப்பா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டது வீடியோ கெட்டுப்போனதற்காக என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளை காரில் அழுதுகொண்டே போட்ட சட்டத்தை மீறிவிட்டதற்காக அவர் கேட்டிருக்கிறார்.

அந்த ஆறு வருடங்களில் அவர் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் நான் ஜெயித்தேன். மறுநாள் வராதீங்க என்று சொல்லிவிட்டுப் போய் ஆடினேன், தோற்றேன். பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.