கலைமணி பூட்டிய இன்ஜின்

கலைமணி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் இருபத்து மூன்று பையன்களுக்கு நடுவே ஓர் இடம். தேர்வில் அந்த இருபத்து மூன்று பேரையும் விடக் கூடுதலாக மார்க். "பொம்பளப் புள்ள ஸ்பேனர் புடிச்சா கஸ்டமர் வருவாங்களா?" என்று கேட்ட புதுச்சத்திரம் பட்டறை முதலாளி முருகானந்தத்திடமே ஒரு வேலை. பிறகு ஒன்றரை வருடம் கேட்டுக் கேட்டு, அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை. அதன் தாழ்ப்பாளுக்கு மட்டும் தனியாக நான்கு மாதம் கேட்க வேண்டியிருந்தது.

ஜெயிக்க முடியாமல் இருந்தது ஜாப் கார்டு. இன்ஜின் வேலை முடிந்ததும் வண்டிக்காரரிடம் கொடுக்கும் அட்டை அது. அதன் கடைசி வரியில், இன்ஜினைப் பொருத்திச் சேர்த்தவர் பெயருக்காக, 'பூட்டியவர்' என்று அச்சடித்திருக்கும். நான்கு வருடத்தில் கலைமணி பூட்டிய இன்ஜின்கள் நாற்பத்தேழு. நாற்பத்தேழு கார்டிலும் கையெழுத்து ஃபோர்மேன் சபரிநாதனுடையது. அவர் டிப்ளமோ படித்தவர். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து மூன்று புள்ளியும் வைப்பார். இன்ஜினைத் தொடாத கை என்பதால் கார்டில் ஒரு கிரீஸ் கறைகூட இருக்காது.

அந்த ஜூன் மாதம் மல்லசமுத்திரம் கோழிப்பண்ணைக்காரர் சின்னுசாமியின் பழைய டீசல் கார் இன்ஜின் வேலைக்கு வந்தது. கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் கலைமணிதான் பூட்டினாள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கி, அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். வெள்ளிக்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு, இன்ஜினின் பின்முனையில் பூட்டும் கனத்த சக்கரமான ஃபிளைவீல் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பிறகு அதை மூடியபடி கியர்பாக்ஸைச் சேர்த்து வண்டியில் இறக்க வேண்டியதுதான்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணியாகோணும்" என்றார் சபரிநாதன். அப்போதுதான் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "ஏ புள்ள, நாமக்கல் போய் காம்பு ஒடியாத காயா ஒண்ணு வாங்கியா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் பஸ் பிடித்துப் போய்த் திரும்புவதற்குள் கியர்பாக்ஸ் ஏறியிருந்தது.

"ஃபிளைவீலுக்கு டார்க் வெச்சீங்களாங்க?"

"என் கையே டார்க் ரெஞ்சுதான்" என்றார் அவர்.

பத்து இருபத்தாறுக்கு இன்ஜின் ஓடியது. பூசணிக்காய் உடைந்தது. சபரிநாதன் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கார் திரும்பி வந்தது. இன்ஜினுக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டக் டக்கென்று சத்தம். வாழ்நாளில் ஒரு நாளாவது லாரி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து காது கொடுத்தார்கள். ஒருவர் பிஸ்டன் என்றார், இன்னொருவர் டேப்பட் என்றார், மூன்றாமவர் பூசணிக்காய் சரியாகச் சிதறவில்லை என்றார். சபரிநாதன் கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தார். சத்தமும் கொஞ்சம் கெட்டியானது.

புதன்கிழமை காலை, சின்னுசாமியையும் முதலாளியையும் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார். "ராடு பேரிங் போயிருச்சு. பூட்டுனதுல கோளாறு." கார்டை வாங்கித் தன் கையெழுத்தை அடித்துவிட்டு, 'பூட்டியது கலைமணி' என்று எழுதி அவளிடம் நீட்டினார். நாற்பத்தேழு இன்ஜின்களில் அவளுடைய பெயர் கார்டில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"கையெழுத்துப் போடு அம்மிணி" என்றார் முருகானந்தம். "அடியில இருக்கற ஆயில் சம்ப்ப எறக்கிப் பாத்து பேரிங் போயிருந்தா, நாளையில இருந்து வர வேண்டாம்."

"பேரிங்தானான்னு மொதல்ல பாத்துக்கறேனுங்க. அஞ்சு நிமிசம்."

அவள் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் பைப்பைத் தளர்த்தினாள். ராடு பேரிங் போயிருந்தால் அந்த சிலிண்டரின் டீசலை நிறுத்தியதும் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சத்தம் அப்படியே இருந்தது.

"ஏறி உக்காந்து கிளச்ச மிதிங்க" என்றாள் சின்னுசாமியிடம்.

மிதித்தார். சத்தம் அடங்கியது. காலை எடுத்தார். டக் டக். தன் காருக்கு இப்படியொரு வித்தை தெரியும் என்பதில் மகிழ்ந்துபோய் ஆறேழு தடவை மிதித்துப் பார்த்தார். கிளட்ச் அழுத்துவது ஃபிளைவீலை; ராடு பேரிங்கை அல்ல.

"ஏனுங் ஃபோர்மேன், கிளச்ச மிதிச்சா பேரிங் ஊமையாயிருமுங்களா?"

சபரிநாதன் போன் வந்ததுபோல வெளியே போனார்.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். ஃபிளைவீலில் எட்டு போல்ட். ஐந்தை கலைமணி விரலாலேயே சுற்றிக் காட்டினாள். எட்டில் ஒன்றிலும் வெள்ளைப் புள்ளி இல்லை.

"வண்டி ஓடுன ஆட்டத்துல புள்ளி உதுந்திருக்கும்" என்றார், அதற்குள் திரும்பி வந்திருந்த சபரிநாதன்.

"எட்டுமேங்களா?" என்றார் சின்னுசாமி. "சாக்கு விரிச்சுப் போட்டுத் தேடலாமுங்க."

புது போல்ட் எட்டு வந்தது. கலைமணி எதிரெதிராக முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்து, கியர்பாக்ஸை ஏற்றினாள். மாலை நான்கே காலுக்கு இன்ஜினை ஓட்டினாள். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

முருகானந்தம் புதுக் கார்டு ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் சபரிநாதனிடம் நீட்டினார். அவரும் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க" என்றாள் கலைமணி. "சத்தம் வந்தா நான் பூட்டுனது. நின்னா யாரு பூட்டுனதுங்க?"

சின்னுசாமிதான் பதில் சொன்னார். "அந்தப் புள்ள கையெழுத்து இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேனுங்க. மறுக்கா சத்தம் வந்தா யாரக் கேக்கோணும்னு எனக்குத் தெரியோணுமில்ல."

கார்டு கை மாறியது. கலைமணி அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள். போல்ட் முறுக்கிய அளவை ஓரத்தில் எழுதினாள். கடைசி வரியில் தன் பெயரை முழுதாக, எழுத்துப் புரியும்படி போட்டாள். பக்கத்தில் தேதி: 19.6.2024.