ஓட்டுநர் இருக்கையில் அக்கா

சேத்தூரில் பிறந்து, இராஜபாளையத்தில் வாழ்ந்து, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த என் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கார் இல்லாமல் எனக்கு அவரைப் பற்றி எழுத வராது.

அப்பா காலமானபோது நான் பள்ளிச் சிறுவன். அக்கா நூற்பாலை வேலைக்குப் போய் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். நான் வேலையில் அமர்ந்த பிறகே தமக்கென்று ஒன்று வாங்கினார். நகை வாங்குவார் என்று அம்மா எதிர்பார்த்தார். வந்து நின்றதோ, வேகத்துக்கென்றே செய்த ஒரு பழைய கார்.

அதோடு விட்டாரா? சஸ்பென்ஷனை விறைப்பாக மாற்றி, வண்டியைத் தாழ்த்தினார். வளைவில் சாயாது என்பார்; வேகத்தடையில் உரசுவதைச் சொல்லமாட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய உறவினர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். “ஏட்டி, இது காரா, உரலா?” என்பார் அம்மா.

வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக ஓட வீல் அலைன்மென்ட் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குத்தான் போவார். ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட வண்டிக்குச் சக்கரங்களைச் சரியாக வைக்க முடியும் என்பது அவர் கட்சி. அதனால் வேலை முடியும்வரை தாமே உள்ளே உட்கார்ந்திருப்பார். என்னை அந்த இருக்கையில் உட்காரவே விட்டதில்லை.

நோய் வந்து மெலிந்த பிறகும், “தேறுனதும் குத்தாலம் போவோம்லே” என்பார். நாங்களும் நம்பினோம். ஒருநாள் மருத்துவரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தவர், என்னையும் ஏற்றிக்கொண்டு அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போனார். போனதும் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா, நீங்க ஏறலையா?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“ஏலே, நீ உக்காரு. இனி ஒன் வெயிட்டுக்கு வைக்கட்டும்.”

“நீதானக்கா ஓட்டப்போற.”

“ஏறுலே. அவியளுக்கு வேற சோலி இருக்கு” என்றவர், அண்ணாச்சியிடம் திரும்பி, “ஷாக் அப்சார்பரையும் கொஞ்சம் இளக்கி விடுங்க. அம்மைக்கு இடுப்பு வலிக்கும்” என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். அக்கா இனி ஓட்டப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி சக்கரத்தின் பக்கம் குனிந்துகொண்டார்.

கடைசி நாட்களில் இரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்களையும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாரையும், அந்த அண்ணாச்சியையும் எங்கள் குடும்பம் மறக்காது.

இப்போது அம்மா அந்தக் காரில்தான் கோயிலுக்கு வருகிறார். “அவ இருக்கும்போதே இப்படிக் குலுங்காம வச்சிருக்கலாம்லா” என்று திட்டுவார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நேர்சாலை வந்ததும் ஸ்டியரிங்கில் கையைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கிறேன். எந்தப் பக்கமும் இழுக்காமல் போகிறது, அக்கா.