தனக்கொடி தட்டாத கைத்தட்டல்

மூலக்குளம் வட்டாரத்தில் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் இடப்பக்க ஓரத்து நாற்காலி தனக்கொடிக்குத்தான். தெரியாமல் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால், "ஏ, அது அக்கா சீட்டு, எழுந்திரு" என்று பின்னாலிருந்தே எழுப்பிவிடுவார்கள். பகலில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். கூட்டம் உள்ள நாளில் ஷிப்ட் முடிந்ததும் முகம் கழுவி, பவுடர் போட்டு, தெருப் பெண்களையெல்லாம் புருஷன் முருகையனின் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவாள். முருகையனுக்கு அரசியல் ஆகாது. வண்டியை மரத்தடியில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான்.

கூட்டத்தில் அவளுடைய வேலை, கைத்தட்டலைத் தொடங்கி வைப்பது. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முன்வரிசையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பேசுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று பார்த்து, அவர் வார்த்தையை முடிப்பதற்கும் இவள் கை சேர்வதற்கும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கேலி செய்ததுபோல் ஆகிவிடும். மற்றப் பெண்கள் மேடையைப் பார்ப்பதே இல்லை, தனக்கொடியின் கையைத்தான் பார்ப்பார்கள். அவள் தட்டினால் தட்டுவார்கள். அவர்கள் தட்டினால், டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நிற்கும் ஆண்களும் தட்டுவார்கள். மேடையில் இருப்பவர் தன் பேச்சுக்கு விழுந்த கைத்தட்டல் என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டுமே, அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருஷம் தட்டித் தட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. புதுச்சேரி சின்ன ஊர், தொகுதிகளும் சின்னவை. எம்.எல்.ஏ. காதுகுத்துக்கு வருவார், மஞ்சள் நீராட்டுக்கு வருவார், சாவு வீட்டில் முதல் மாலை அவருடையதாக இருக்கும். எல்லோரும் அண்ணன், எல்லோரும் தம்பி. நிமிர்ந்து பார்ப்பதற்கு மட்டும் ஒருத்தர் இல்லை என்பது தனக்கொடியின் தீராத குறை. "மாநில அந்தஸ்து கேக்கறோம்னு டெல்லிக்குப் போறாங்க, சால்வய போட்டு போட்டோ எடுத்துக்கினு வந்துடறாங்க. இவங்க பேசறது திண்டிவனம் தாண்டி எவனுக்குடி கேக்குது?" என்பாள்.

அந்தக் குறைக்கு ஒரு காரணம் உண்டு. அவள் அப்பா மில் தொழிலாளி. மில் கேட்டில் ஒரு சங்கத் தலைவர் பேசியதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை. அப்பா அவள் காலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுக் கைதட்டியதும், அவள் பின்னால் சாய்ந்து விழப்போனதும், யாரோ தாங்கிப் பிடித்ததும்தான் நினைவிருக்கிறது. பெற்ற பிள்ளையை மறந்து கைதட்ட வைக்கிறவன்தான் தலைவன் என்று அன்றைக்கே அவள் மனசில் பதிந்துபோனது. மில்லும் மூடியாயிற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. தன் கை தன்னையறியாமல் எழுகிற ஒரு கூட்டத்துக்காக அவள் மட்டும் காத்துக்கொண்டே இருந்தாள்.

போன தேர்தலில் நின்றவன் ஹரிகிருஷ்ணன். அவள் தெரு முனையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் மூலக்குளத்தின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். கடையிலிருந்து பம்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக இறைத்துவிடுகிறவன் அவன்தான். அதைப் பார்த்துத்தான் ஒரு கட்சி அவனுக்கு சீட்டு கொடுத்தது. நல்லவன்தான், கைராசிக்காரன்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் தலை கவிழ்ந்துவிடும். குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். போஸ்டரில்கூட வேட்பாளர் மாதிரி தெரியவில்லை, காணாமல் போனவர் மாதிரி இருக்கிறான் என்று தெருவில் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவள் தனக்கொடி.

எதிரே நின்றவன் நிலவன். கண்ணாடி, சுருட்டிவிட்ட சட்டைக் கை, திறந்த ஜீப். அவன் மைக்கைப் பிடிக்கிற தினுசே வேறு. கடற்கரைப் பக்கம் நடந்த அவனுடைய கூட்டத்தில் சனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதைத் தனக்கொடியும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஹரிகிருஷ்ணனை நினைத்தால் அவளுக்குச் சப்பென்று போனது.

கடைசிப் பிரசாரக் கூட்டத்துக்கு முன்னால் ஹரிகிருஷ்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, எனக்குப் பேச வராதுன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல முட்டிக்கினு நின்னுட்டன்னா, உங்களப் பாப்பேன். ஒரே ஒரு கைதட்டு குடுங்க. அந்தச் சத்தத்துல மூச்சு வாங்கிக்கினு மிச்சத்த சொல்லிடுவேன்."

"அட, இதுக்கா வந்த? நான் பாத்துக்கறேன், போ தம்பி" என்றாள் தனக்கொடி. மனசாரத்தான் சொன்னாள்.

கூட்டம் சாயங்காலம் நடந்தது. முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஹரிகிருஷ்ணனின் மனைவி மாலா புதுப்புடவை கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். ஹரிகிருஷ்ணன் வணக்கம் சொன்னான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எதை இடித்தால் வடியும் என்று சொல்லிக்கொண்டு போனான். சொன்னதெல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் பம்புக்கு ரசீது போடுகிற குரலில் சொன்னான். "நம்ம புள்ளைங்க இனிமே தண்ணியில..." என்றவன் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. கண் இடது ஓரத்துக்கு வந்தது.

தனக்கொடியின் கை மடியில் இருந்தது. தூக்கத்தான் போனாள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஒரே ஒரு தடவை, நாம் தட்டாமல் இருந்தால் என்ன? இவனிடம் ஏதாவது இருந்தால் சனமே தட்டட்டும். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். அவனைக் கெடுக்கவேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. ஆசைதான். தானாக எழும்புகிற ஒரு கைத்தட்டலைச் சாவதற்குள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்கிற ஆசை.

யாரும் தட்டவில்லை. ஹரிகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். ஒரு சிரிப்பு கிளம்பியது, அது நாலாயிற்று, பிறகு நாலாபக்கமும் ஆயிற்று. இப்போது தட்டினால் கேலியோடு கேலியாகச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மடியிலிருந்த கை கல்லாகிவிட்டது. ஹரிகிருஷ்ணன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அன்றைக்கே அந்த வீடியோ ஒரு கோமாளி மியூசிக்கோடு எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது.

நிலவனிடம் கொஞ்ச ஓட்டில் தோற்றான். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் அவளைத் தேடி வந்தான். ஏன் தட்டவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறான் என்றே தனக்கொடி நினைத்தாள். அவனோ நன்றி சொல்ல வந்திருந்தான்.

"என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்க்கா. அன்னிக்கு பயத்துல கண்ணு இருட்டிக்கினு எனக்குக் காதே அடைச்சிக்கிச்சு. நீங்க தட்டினது கேக்கவே இல்ல. கேட்டிருந்தா பேசியிருப்பேன்."

அவள் வாயைத் திறந்தாள். "சரி விடு தம்பி" என்பதுதான் வெளியே வந்தது. அவன் போனபிறகு சோற்றில் கை வைத்தவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. "காய்ச்சலா?" என்று முருகையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

குற்ற உணர்ச்சிக்கு அவள் ஒரு மருந்து வைத்திருந்தாள். 'அவனிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சனம் தட்டியிருக்கும். நிலவனுக்குத் தட்டினார்களே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கொஞ்ச நாள் அது வேலை செய்தது. அதையும் கெடுத்தவள் ஆயம்மா. குருசுக்குப்பத்துக்காரி, மீன்கூடையோடு மூலக்குளம் வருகிறவள், நிலவனின் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தவள். ஒருநாள் சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே தனக்கொடி கேட்டாள்:

"ஏன்டி, அந்த வீடியோவுல எல்லாரும் எழுந்து நின்னு தட்டறாங்களே, அது தானா வந்ததுதான?"

ஆயம்மா கூடையே ஆடுகிற மாதிரி சிரித்தாள். "உனக்குத் தெரியாததா? நான் எழுந்து தட்டாம எவடி தட்டுவா? எனக்குக் கால் மரத்துப்போச்சுன்னுதான் எழுந்தேன். எல்லாம் எழுந்துடுச்சு!"

தனக்கொடி மீன் வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷ மழையில் தெருவில் மறுபடி தண்ணீர் ஏறியது. நிலவன் வந்தான். முழங்கால் தண்ணீரில் நின்று அருமையாகப் பேசினான். தண்ணீரில் நின்ற சனமே மெய்மறந்து கேட்டது. அவன் ஜீப் போனபிறகுதான் வாய்க்காலைப் பற்றிக் கேட்கவில்லையே என்று எல்லோருக்கும் உறைத்தது. ஹரிகிருஷ்ணன் பம்புகளை மட்டும் கொடுத்தனுப்பினான், அவன் வரவில்லை. வாய்க்கால் விஷயமாக அதிகாரிகள் மக்களைக் கூட்டிப் பேசப்போவதாகச் செய்தி வந்தது. விவரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நீயே வந்து பேசு என்று தெருவே திரண்டு போய்க் கேட்டதற்கு, "பேச்சு மட்டும் வேணாங்க. அக்கா கைதட்டியுமே என்னால முடியல. இனிமே எப்பவும் முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டானாம். அக்கா தட்டவில்லையே என்று தெரிந்த பெண்களும் அதை அவனிடம் சொல்ல மனசில்லாமல் திரும்பிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு தனக்கொடிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவன் வாயை அடைத்து வைத்திருப்பது தான் சொல்லாமல் விட்ட உண்மைதான். வேண்டுமென்றே தட்டாமல் இருந்ததாகச் சொன்னால் தெருவில் அவளுடைய மானம் போகும். சொல்லாவிட்டால் அவனுடைய வாய் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாள். ஹரிகிருஷ்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். மாலா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தாள். அன்றைய கூட்டத்திலிருந்து மாலா இவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

"வாங்கக்கா. மிக்சி மோட்டாரா?"

"மோட்டாரும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சொல்றத கேளு தம்பி. அன்னிக்கு நான் தட்டல."

அவன் கம்பியை நிறுத்தாமல் சுற்றினான். "எத?"

"கைய. நீ என்னப் பாத்த. நானும் உன்னப் பாத்தேன். பாத்துக்கினே சும்மா உக்காந்திருந்தேன். உனக்காகச் சனம் தானா தட்டுதான்னு பாக்கணும்னு ஒரு திமிரு. உன்ன பெரிய ஆளான்னு சோதிச்சுப் பாக்க நான் யாரு? பாவி நான். அவங்க யாரும் உன்ன வேணாம்னு சொல்லல தம்பி, என் கையப் பாத்துக்கினு இருந்தாங்க."

ஹரிகிருஷ்ணன் இப்போது கம்பியைக் கீழே வைத்தான். இவளைப் பார்க்கவில்லை, மாலாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீதான சொன்ன? வீட்டுக்கு வந்ததும் நீதான சொன்ன, அக்காவும் தட்டினாங்க, நானும் தட்டினேன், உனக்குத்தான் கேக்கலன்னு?"

மாலா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கைய தூக்கி வச்சிக்கினுதான் இருந்தேன். அக்கா ஆரம்பிக்கட்டும்னு அவங்க கையயே பாத்துக்கினு இருந்துட்டேன். கட்டின பொண்டாட்டி, நானாவது தட்டியிருக்கலாம். அத எந்த வாயால உன்கிட்ட சொல்றது?"

அவளும் தன்னைப் போலவே இத்தனை மாதம் வெந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று தனக்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் என்று நினைத்ததெல்லாம் கோபமே இல்லை. இரண்டு பேரும் திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹரிகிருஷ்ணன் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். வலது காதை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"ஜிப்மர்ல போய்க் காட்டினேன்க்கா. அந்த மிஷின்ல எல்லாம் உக்கார வச்சுப் பாத்தாங்க. காது நல்லாதான் இருக்குன்னு சொன்னாங்க. நான்தான் நம்பல."